பீரோவில் இல்லாத மேனுவல்

நாலு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஆபீஸ் மீட்டிங் ஒன்றில் நான் பேசியது இன்னும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "பிடிஎஃப் மேனுவலை யாரும் படிக்கிறதில்லை. வேண்டியதைத் தேடி எடுத்து, அந்த ஒரு பக்கத்தைப் படிச்சிட்டுப் போயிடறாங்க. இனிமே கையேடு ஆன்லைனில் மட்டும் இருந்தா போதும்." நாங்கள் செய்வது ஆலைகளுக்கான மென்பொருள். வெப்பம், அழுத்தம், ஓட்டம் என்று கருவிகள் சொல்லும் அளவுகளை வினாடிக்கு வினாடி வாங்கிச் சேமித்து வைக்கும். வாடிக்கையாளர் தன் சர்வரில் தானே நிறுவிக்கொள்வார், எங்கள் கையில் எதுவும் ஓடாது. ஒவ்வொரு வெர்ஷன் வெளியிடும்போதும் 600 பக்கத்துக்கு ஒரு பிடிஎஃப் தயார் செய்ய வேண்டும். அட்டவணைகள் பக்கத்தைத் தாண்டி ஓடும், படங்கள் இடம் மாறும், இரண்டு பேருக்கு மூன்று நாள் போய்விடும். ஆன்லைன் என்றால் தப்பு தெரிந்த நிமிடமே திருத்தலாம், எந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றும் தெரியும். நான் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட பொய்யில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த வெர்ஷனிலிருந்து மேனுவலுக்குப் பதிலாக, க்யூஆர் கோடு அச்சிட்ட ஒரு அட்டையை பெட்டிக்குள் போட்டு அனுப்பினோம். மென்பொருளுக்குள் உதவிக்கான எஃப்1 விசையை அழுத்தினால் பிரவுசர் திறந்து எங்கள் தளத்துக்குப் போகும்.

அந்த முடிவு சரியா தப்பா என்று இரண்டு வருடமாக மனசுக்குள் கிடந்து அரிக்கிறது. அரிக்க ஆரம்பித்தது ஒரு ராத்திரி.

கேட்டில் கொடுத்த டோக்கன்

தெற்கே கடலோரமாக ஒரு வேதிப்பொருள் ஆலை. அங்கே எங்கள் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்த சர்வர் ஒரு மாலை நின்றுவிட்டது. மதர்போர்டு போய்விட்டது. மாற்று சர்வர் அவர்களிடமே தயாராக இருந்தது, பேக்கப்பும் இருந்தது. புதிதாக நிறுவி, பேக்கப்பை ஏற்றி, லைசென்ஸைப் பழைய இயந்திரத்திலிருந்து புதியதுக்கு மாற்றிவிட்டால் முடிந்தது. வேறு வேலையாக நான் பக்கத்து ஊரில் இருந்ததால் என்னைப் போகச் சொன்னார்கள். ராத்திரி 10 மணிக்கு கேட்டில் நின்றேன். செல்போனை வாங்கிக்கொண்டு ஒரு அலுமினிய டோக்கன் கொடுத்தார்கள். லேப்டாப்பும் உள்ளே போகக் கூடாது. எரியக்கூடிய வாயு இருக்கும் இடம், சாதாரண போன் அங்கே ஆகாது என்பது ஒரு காரணம். வெளியிலிருந்து எதுவும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பது இன்னொன்று. நிறுவுவதற்கான கோப்புகள் அவர்களிடமே ஒரு டிஸ்கில் இருந்தன, வைரஸ் சோதனை முடித்து, சீல் வைத்து, ரிஜிஸ்டரில் எண் போட்டு. எங்கள் க்யூஆர் அட்டையும் அதே கவரில் இருந்தது.

கண்ட்ரோல் ரூமில் ஷிப்ட் இன்ஜினீயர் இருந்தார். ஓய்வு பெற இரண்டு மூன்று வருடம் இருக்கிற வயது. அவருக்குப் பின்னால் இரண்டு பையன்கள் அரை மணிக்கு ஒருதரம் பேனலுக்குப் பேனல் போய், முள்ளைப் பார்த்து, லாக் ஷீட்டில் பேனாவால் எண்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மென்பொருள் செய்ய வேண்டிய வேலை அது. ஆலை நிற்கவில்லை, பதிவுதான் நின்றிருந்தது. ஆனால் அந்தப் பதிவில் ஓட்டை விழுந்தால் பிறகு தணிக்கைக்கு வருகிறவர்களுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும், அதனால் கையால் எழுதச் சொல்லியிருந்தார்.

நிறுவுவது எனக்குத் தண்ணி பட்ட பாடு. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். லைசென்ஸ்தான் சிக்கியது. இணையம் உள்ள இடத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் மாறிவிடும். இணையம் இல்லாத இடத்தில், ஒரு கோரிக்கைக் கோப்பை உருவாக்கி, வெளியே அனுப்பி, பதில் கோப்பை வாங்கி, ஒரு கட்டளை வழியாக உள்ளே ஏற்ற வேண்டும். அந்தக் கட்டளையை நான் ஒருபோதும் மனப்பாடம் செய்ததில்லை. எதற்கு செய்ய வேண்டும், பக்கம்தான் இருக்கிறதே. யோசிக்காமல் எஃப்1 அழுத்தினேன். பிரவுசர் திறந்தது. மேலே சின்ன வட்டம் சுற்றியது. நானும் அவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். முப்பது வினாடி கழித்து, தளத்தை அடைய முடியவில்லை என்று வந்தது. இணையம் இல்லாமல் லைசென்ஸ் ஏற்றுவது எப்படி என்று நாங்களே எழுதிய பக்கம் இணையத்தில் மட்டும்தான் இருந்தது. அந்தப் பக்கத்தை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

மேஜையில் ஒரு லேண்ட்லைன். ஆலை ஆபரேட்டரைக் கூப்பிட்டு, வெளி லைன் வாங்கி, தூங்கிக்கொண்டிருந்த என் ஆபீஸ் நண்பரை எழுப்பினேன். அவர் பக்கத்தைத் திறந்து வாசிக்க, நான் ஒரு காகிதத்தில் எழுத, அதைப் பார்த்து டைப் அடிக்க என்று ஆரம்பித்தோம். "ஒரு ஹைஃபனா ரெண்டு ஹைஃபனா?" "ரெண்டு." "நடுவுல இருக்கிறது ஹைஃபனா, கீழ்க்கோடா?" "கீழ்க்கோடு. இல்ல இரு, ஸ்கிரீன்ல சின்னதா இருக்கு, பெருசு பண்ணிப் பாக்கறேன்." இப்படியே இருபது நிமிடம். கடைசியில் அடித்த கட்டளைக்கு, அப்படி ஒரு ஆப்ஷனே கிடையாது என்று பதில் வந்தது.

அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அவர் வாசித்தது ஏழாம் வெர்ஷனின் பக்கம். ஆலையில் இருந்தது 5.2. இடையில் அந்த ஆப்ஷனுக்குப் பெயர் மாற்றியிருந்தோம். தளத்தில் பழைய வெர்ஷனைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ஆறுக்கு முன்னால் எதுவும் இல்லை. தளத்தைப் புதுப்பித்தபோது ஐந்தைத் தூக்கியிருந்தார்கள். அவர் மூலக் குறிப்புகளுக்குள் தேடிப் பழைய பெயரைக் கண்டுபிடித்தார். பதில் கோப்பை அவர் மெயிலில் அனுப்ப, செக்யூரிட்டி ஆபீஸில் இறக்கி, சோதித்து, பென் டிரைவில் கொண்டுவந்து லைசென்ஸை ஏற்றினேன். அப்புறம் பேக்கப்பை ஏற்றப் போட்டேன், புதுப் பக்கத்தில் உள்ள வரிசைப்படி. மூன்று மணி நேரம் ஓடி முடிந்தது. லைசென்ஸ் இல்லை என்று நின்றது. ஐந்தாம் வெர்ஷனில் பேக்கப்பை ஏற்றும்போது லைசென்ஸ் கோப்பும் சேர்ந்து பழையதாக மாறிவிடும். அதனால் முதலில் பேக்கப், பிறகு லைசென்ஸ் என்பதுதான் அந்த வெர்ஷனின் வரிசை. பழைய பிடிஎஃப்பில் அதைத் தடித்த எழுத்தில், கட்டம் போட்டு எழுதியிருந்தோம். வேலை முடிந்தபோது காலை ஏழு. பையன்கள் எழுதிய லாக் ஷீட் ஒரு அங்குல உயரத்துக்குச் சேர்ந்திருந்தது.

ஷிப்ட் இன்ஜினீயர் கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, சுவரோரம் இருந்த இரும்பு பீரோவைத் திறந்து காட்டினார். உள்ளே வரிசையாக மேனுவல்கள். ஒன்றை உருவிக் கொடுத்தார், 1988-ல் போட்ட ஒரு பம்ப்பினுடையது. ஓரங்களில் எண்ணெய்க் கறை, பக்கங்களின் நடுவே பென்சிலில் குறிப்புகள், எந்த வருடம் எந்த பேரிங் மாற்றினார்கள் என்று நாலைந்து பேரின் கையெழுத்தில். "இந்தப் பம்ப் செஞ்ச கம்பெனி இப்ப இல்ல தம்பி. புக் இருக்கு, நாங்க ஓட்டிக்கிட்டிருக்கோம்" என்றார். கீழ்த்தட்டில் ஒரு பிளாஸ்டிக் கவரில் எங்கள் அட்டை. அதையும் எடுத்து மேஜையில் வைத்தார். "இதை நான் எதுல காட்டறது? போனை கேட்ல குடுத்துட்டுத்தானே உள்ள வர்றேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, மீட்டிங்கில் நான் பேசியதும் அந்த அட்டையும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன.

படிக்கிறவர்கள் யார்

நான் அன்று மீட்டிங்கில் காட்டிய புள்ளிவிவரத்தில் ஒரு ஓட்டை இருந்தது, எனக்கு அது அப்போது தெரியவில்லை. எங்கள் தளத்துக்கு வந்தவர்களைத்தான் எண்ணியிருந்தோம். தளத்துக்கு வரவே முடியாதவர்கள் அந்த எண்ணிக்கையில் எப்படி வருவார்கள்? ஆலைக்குள் உட்கார்ந்து பிடிஎஃப்பைத் திறந்தவர் எங்கள் கணக்கில் எங்கும் இல்லை.

அவர்கள் ஏதோ விதிவிலக்கு என்று நினைக்கக் கூடாது. சொந்த சர்வரில் மென்பொருளை நிறுவிக்கொள்கிறவர்களில் பலர், வெளியே இணைப்பு வேண்டாம் என்பதற்காகவே அப்படிச் செய்கிறவர்கள். மற்றவர்களுக்கு மேகக்கணியில் மாதச் சந்தா போதும். மின் துறைக்கு மத்திய மின்சார ஆணையம் 2021-ல் வெளியிட்ட சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதல், இயந்திரங்களை இயக்கும் கணினிகளை இணையத்தோடு தொடர்புள்ள கணினிகளிலிருந்து முழுக்கப் பிரித்து வைக்கச் சொல்கிறது. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஒரு கணினியில் தீநிரல் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி நினைவிருக்கும். அது நிர்வாகப் பணிக்காக இணையத்தில் இணைந்திருந்த கணினி, முக்கியமான உள் வலையமைப்போடு தொடர்பில்லாதது என்றுதான் அணுமின் கழகம் விளக்கம் சொன்னது. இரண்டையும் பிரித்து வைத்திருந்ததால்தான் அந்த விளக்கத்தைச் சொல்ல முடிந்தது. இப்படிப் பிரித்து வைக்கிறவர்களிடம் போய், கையேடு வேண்டுமென்றால் இணையத்துக்கு வாருங்கள் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு கூட்டமும் உண்டு, இதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். பல நிறுவனங்கள் கையேட்டை லாகினுக்குப் பின்னால் வைக்கின்றன. வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம் (ஏ.எம்.சி.) கட்டும்வரை லாகின் வேலை செய்யும். ஒரு வருடம் கட்டாமல் விட்டால், மென்பொருள் ஓடும், அதை எப்படி ஓட்டுவது என்று படிக்க முடியாது. காசு கொடுத்து நிரந்தர லைசென்ஸ் வாங்கியவர், தன் சர்வரில் இருக்கும் பொருளைப் பற்றிப் படிக்க வருடா வருடம் வாடகை கட்டுகிறார். ஆதரவுக்குக் காசு கேளுங்கள், புதிய வெர்ஷனுக்குக் கேளுங்கள், அதெல்லாம் உழைப்பு. விற்ற பொருளின் கையேட்டைப் பூட்டி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் நிறுவனத்தில் இந்த யோசனை வந்தபோது நான் எதிர்த்தேன், அதில் மட்டும் எனக்கு வருத்தமில்லை.

வெர்ஷன் என்கிற கண்ணி

சரி, எல்லா இடத்திலும் நல்ல இணையம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அன்று ராத்திரி என்னை அதிகம் படுத்தியது இணையம் இல்லாதது கிடையாது, தப்பான வெர்ஷனின் பக்கம்தான். பக்கமே கிடைக்காவிட்டால் மனிதன் நிதானமாக யோசிப்பான். வேறு வெர்ஷனின் பக்கம் கிடைத்தால் அதை நம்பி மூன்று மணி நேரம் பேக்கப் ஓட்டுவான். ஆன்லைன் கையேடு பெரும்பாலும் கடைசி வெர்ஷனைத்தான் முன்னால் நிறுத்தும், தேடுபொறியும் அதைத்தான் காட்டும். ஆலைகளோ ஒருமுறை நிறுவினால் ஏழெட்டு வருடம் தொடமாட்டார்கள், தொடாமலிருப்பதற்கு அவர்களிடம் நல்ல காரணம் இருக்கிறது.

இதை அழகாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். யூனிக்ஸ் என்கிற இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. அந்த வழியில் வந்த 'மேன்' (மேனுவல் என்பதன் சுருக்கம்) பக்கங்களை லினக்ஸில் இன்றைக்கும் அப்படியே பார்க்கலாம். கட்டளையை நிறுவும்போது அதன் பக்கமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும், அதனால் நிரல் ஒரு வெர்ஷனும் கையேடு வேறொரு வெர்ஷனுமாக இருக்க வாய்ப்பு குறைவு. விம் எடிட்டரில் ஹெல்ப் என்று அடித்தால் இணையத்தைத் தேடாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதன் தளத்தில் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனிக் கையேடு, 2001-ல் வந்த 7.1-க்குக்கூட. பக்கத்தின் தலையிலேயே வெர்ஷன் எண்கள் வரிசையாக நிற்கும். முழுக் கையேட்டையும் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம். கருந்திரையில் பேக்ஸ்லாஷ் எச் என்று அடித்து ஒரு கட்டளையின் பெயரைச் சொன்னால் அதை எப்படி எழுத வேண்டும் என்று அங்கேயே காட்டும். தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் திட்டம் அது. விலை வாங்கி விற்கும் நாங்கள் பழைய வெர்ஷனைப் பட்டியலிலிருந்து தூக்கியிருந்தோம்.

எங்கள் தளம் எப்போதும் எழுந்து நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2017 பிப்ரவரி 28-ல் அமேசானின் எஸ்3 சேமிப்பகம் விழுந்தபோது, எந்தச் சேவை எப்படி இருக்கிறது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும் பக்கத்தையே அவர்களால் புதுப்பிக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தின் நிர்வாகக் கருவி எஸ்3-ஐத்தான் நம்பியிருந்தது. 2021 அக்டோபர் 4-ல் பேஸ்புக் ஆறு மணி நேரம் காணாமல் போனபோது, கோளாறைத் தேடுவதற்கு அவர்கள் வைத்திருந்த உள் கருவிகளும் கூடவே செயலிழந்தன. அவ்வளவு பெரிய இடங்களுக்கே அந்த நிலைமை. எங்களைப் போன்ற சின்ன நிறுவனம் நாளைக்கு விற்கப்படலாம், பெயர் மாறலாம், தளத்தை வேறு இடத்துக்கு மாற்றலாம். பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தே வருடத்தில் காணாமல் போயிருந்தன. அந்தப் பம்ப்பின் புத்தகத்துக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல்.

ஆஃப்லைனின் குறைகள்

ஆன்லைன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான்காம் வெர்ஷனின் பிடிஎஃப்பில் பழைய தரவை நீக்கும் பகுதியில் ஒரு தேதி வடிவத்தைத் தப்பாகப் போட்டிருந்தோம். மாதமும் நாளும் இடம் மாறியிருந்தன. ஒரு வாடிக்கையாளர் அதைப் பார்த்துச் செய்து, நாலு மாதத் தரவு போய்விட்டது. இணையத்தில் அன்றைக்கே திருத்திவிட்டோம். ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தவர்களின் பிடிஎஃப்பை என்ன செய்வது? ஒவ்வொருவருக்காகப் போன் போட்டோம். ஆன்லைனுக்கு மாறலாம் என்று எனக்குத் தோன்றியதே அதற்கு அப்புறம்தான்.

ஆஃப்லைன் என்றால் எக்காலமும் நிற்கும் என்பதும் இல்லை. விண்டோஸ் விஸ்டா வந்தபோது பழைய எச்எல்பி உதவிக் கோப்புகளைத் திறக்கும் நிரலை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. அதைத் தனியாக இறக்கி நிறுவாவிட்டால், கோப்பு கையில் இருந்தும் படிக்க முடியாத நிலை. அடுத்து வந்த சிஎச்எம் கோப்புகளை நெட்வொர்க் டிரைவில் போட்டுத் திறந்தால், 2005-ல் வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, இடது பக்கம் பட்டியல் தெரியும், வலது பக்கம் ஒன்றும் வராது. இதற்காக மட்டும் எனக்கு எத்தனை போன் வந்திருக்கும் என்று கணக்கே இல்லை. அதனால் எந்த பிரவுசரிலும் திறக்கிற சாதாரண எச்டிஎம்எல், அச்சிட ஒரு பிடிஎஃப், இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் நான் நம்புவதில்லை.

ஆலையிலிருந்து திரும்பிய வாரமே ஆபீஸில் இதைப் பேசினேன். ஆன்லைன் மட்டும் போதும் என்று வாதாடியவனே வந்து வேண்டாம் என்றதால் சிலருக்கு எரிச்சல்தான். தளத்தை அப்படியே ஒரே கோப்பாகச் சுருக்கி (ஜிப் பண்ணி) நிறுவல் கோப்போடு வைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார், அதைத்தான் முதலில் செய்தோம். நெட்வொர்க் கேபிளை உருவிவிட்டுத் திறந்தால் வெள்ளைப் பக்கம். எங்கள் தளம் ஒவ்வொரு பக்கத்தையும் சர்வரிடம் கேட்டு வாங்கித்தான் காட்டும். வட்டிலிருந்து நேரடியாகத் திறந்தால் பிரவுசர் பாதுகாப்பு கருதி அதை அனுமதிக்காது. எழுத்துருவும் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பைத்தான் நிரல்மொழியின் கையேட்டுக்காக உருவான ஸ்பிங்க்ஸ் என்கிற கருவிக்கு மாறினோம். ஒரே மூலத்திலிருந்து இணையத்துக்கும் வட்டுக்கும் பிடிஎஃப்புக்கும் தரும், தேடல்கூட இணையம் இல்லாமல் வேலை செய்யும். மாற்றி எழுத ஏழு வாரம் ஆனது. பிடிஎஃப்புக்கு ஒவ்வொரு முறையும் மூன்று நாள் என்று நான் அன்று சொன்ன கணக்கு இப்போது இருபது நிமிடம், அதுவும் இயந்திரத்தின் நேரம். முழுக் கையேடு 70 எம்பி. எங்கள் நிறுவல் கோப்பு ஒன்றரை ஜிபி.

இப்போது எஃப்1 அழுத்தினால் வட்டில் இருக்கும் பக்கம் திறக்கும். அதன் தலையில் வெர்ஷன் எண், அச்சான தேதி. கீழே சின்னதாக, இதன் திருத்தங்கள் எந்த முகவரியில் கிடைக்கும் என்று ஒரு வரி. வெளியிடுவதற்கு முன்னால் கேபிளை உருவி எஃப்1 அழுத்திப் பார்ப்பது எங்கள் சோதனைப் பட்டியலில் ஒரு வேலையாகச் சேர்ந்திருக்கிறது. பழைய வெர்ஷன்களையும் தளத்தில் திரும்ப ஏற்றிவிட்டோம், 5.2 உட்பட.

போன மாதம் அந்த ஷிப்ட் இன்ஜினீயர் போன் செய்தார். லேண்ட்லைனிலிருந்துதான். ஆலையில் புது வெர்ஷனுக்கு மாறிவிட்டார்கள், நிறுவுதல், பேக்கப், லைசென்ஸ் மூன்று அத்தியாயத்தையும் அவர் பிரின்ட் எடுத்து பைண்ட் பண்ணி பீரோவில் வைத்திருக்கிறாராம். "நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு தம்பி. டிரைவ் பேரு டி-ன்னு போட்டிருக்கீங்க, முன்னாடி பக்கத்துல இ-ன்னு இருக்கு. எது சரி?" நான் திறந்து பார்த்தேன். தப்புதான், இ என்று இருக்க வேண்டும். மூலத்தில் அப்போதே திருத்திவிட்டு, அடுத்த வெர்ஷனில் சரியாக வந்துவிடும் சார் என்றேன். "அடுத்த வெர்ஷன் வர்றப்ப வரட்டும். இப்ப அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்சடிச்சு அனுப்புங்க. பழைய பக்கத்தைக் கிழிக்க மாட்டேன், அதுல நான் குறிப்பு எழுதியிருக்கேன். மேல வச்சு ஒட்டிக்கிறேன்."

அன்று சாயங்காலமே அச்செடுத்து, கீழே வெர்ஷனும் தேதியும் இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிட்டு, ஆலையின் கேட் முகவரிக்கு கூரியரில் போட்டேன்.